நடுங்கும் கையும் நோக்கும் கண்ணும்

எழுதிப் பழகிய கையை இழந்தவரின் துயரம், பேசிப் பழகிய நாவை இழந்தவரின் துயரத்திற்குச் சற்றும் குறைந்ததன்று. இவ்விரண்டையும் ஒரே இரவில் பாதி பாதியாக இழந்த ஒருவரை நாம் அறிவோம். அவர் வேறு யாருமல்லர். நம் மூத்த காக்கா. 2021ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு அவரைப் பக்கவாதம் தாக்கியது. இறையருளால் உயிர் பிழைத்தார். வலக்கால் மெல்ல மெல்ல நடைக்குத் திரும்பியது. வலத்தோளும் முழங்கையும் ஓரளவு அசையலாயின. ஆனால் வலக்கை விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கியவை மடங்கியபடியே நின்றுவிட்டன. சொற்கள் வாயில் குழைந்து, வீட்டாருக்கு மட்டுமே விளங்கும் நிலை ஏற்பட்டது. இடக்கையோ பல ஆண்டுகளுக்கு முன்பே நடுக்கம் கண்ட கை.

காக்கா நம்மைப் போல மதரஸாவில் ஓதியவரல்லர். கடை வைத்து வாணிகம் செய்தவர். எனினும் நம்மினும் பெரிய சொற்செல்வர். நம் கடற்கரையூரில் பெண்டிர் அடுக்களையிலும், மீனவர் துறையிலும், வணிகர் தராசடியிலும் வழங்கும் அரபுச் சொற்களைக் கேட்டுக் கேட்டுச் சீட்டுகளில் குறித்து வைப்பது அவருக்கு இளமை முதலே வழக்கம். நாற்பது ஆண்டுத் திரட்டு அது. நான்கு பிஸ்கட் தகர டப்பாக்களில் அச்சீட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு சொல்லும் யார் வாயில், எவ்விடத்தில் கேட்டது என்பதும், அதன் பொருள் குறித்து எழுத வேண்டிய விளக்கமும் பெரும்பாலும் அவர் மனத்திலேயே இருந்தன. சீட்டில் இருந்தது சொல் மட்டுமே.

இச்சீட்டுகளைப் பற்றி நமக்கும் அவருக்கும் நெடுநாளைய பிணக்கு ஒன்று உண்டு. அதை மறைக்காமல் கூறிவிடுவதே முறை. ஒரு காலத்தில் அவர் சீட்டுகளை நம்மிடம் காட்டுவார். நாம் அரபு இலக்கணம் கற்றவரல்லவா? சிவப்பு மையை எடுத்துக்கொள்வோம். ‘தகராறு’ என்று ஒரு சீட்டு. சண்டை, வழக்கு எனப் பொருள் எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு, ‘தக்ரார்: ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்தல். மக்கள் பிழைபட வழங்குகின்றனர்’ என எழுதிக் கொடுத்தோம். காக்கா அதை நெடுநேரம் பார்த்தார். “தம்பி, நான் அரபு அகராதி எழுதல. நம்மூருச் சொல்லை எழுதுறேன்” என்றார். அன்றோடு நமக்குச் சீட்டுக் காட்டுவது நின்றது.

நோய் வந்தபின், “சொல்லுங்கள் காக்கா, எழுதிக்கொள்ளலாம்” என்று பலமுறை அருகில் அமர்ந்தோம். அவர் தலையை அசைத்து மறுத்துவிடுவார். களைப்பு என்று எண்ணினோம். ஒருநாள் மதினி தயங்கித் தயங்கிச் சொன்னார்: “உங்க கையில குடுத்தா நீங்க திருத்திப்புடுவீங்கன்னு நினைக்கிறாங்க.” அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

* * *

2023ஆம் ஆண்டுக் கோடையில் நம் தங்கையின் இளைய மகன் விடுமுறையில் வந்தான். கணிப்பொறி படித்தவன்; வெளிநாட்டில் விளையாட்டுக் கருவிகளை வடிவமைக்கும் தொழிலில் சில ஆண்டுகள் இருந்தவன். பெரிய மாமாவின் நிலையைக் கண்டு, இரண்டு நாட்கள் பேசாமல் அவர் கையசைவையே கவனித்துக் கொண்டிருந்தான். மூன்றாம் நாள், “மாமா, விரல் மடங்கியிருந்தால் என்ன? முழங்கை அசைகிறதே. அதைக் கொண்டு எழுத வைக்கலாம்” என்றான்.

சாதாரண மவுஸ் ஏன் ஆகாது என்று கேட்டோம். அவன் விளக்கியது நமக்கே புதிய பாடமாயிற்று. அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவரின் எண்ணத்தில் பிறந்து, பில் இங்கிலிஷ் என்பவர் 1964இல் மரப்பெட்டியாகச் செய்து கொடுத்த கருவியே முதல் மவுஸ். 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் அதைப் பலரறியக் காட்டினர். அன்று அதன் அடியில் உருளைகள் இருந்தன. இன்று மேசையில் கிடக்கும் மவுஸின் அடிவயிற்றிலோ ஒரு சிறு கேமரா இருக்கிறது. அது வினாடிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களாக மேசைப் பரப்பை எடுத்து, முந்திய படத்தோடு பிந்திய படத்தை ஒப்பிட்டு, கை எத்திசையில் எவ்வளவு நகர்ந்தது எனக் கணிக்கிறது. ஆயினும் அதைப் பிடிக்க விரல் வேண்டும். அமுக்க விரல் வேண்டும். காக்காவிடம் இல்லாதது அதுவே.

ஆகவே கேமராவை மேசையிலிருந்து எடுத்து எதிரே வைத்து, அது கையையே நோக்கட்டும் என்பது மருமகனின் திட்டம். இது அவன் கற்பனையில் முளைத்ததன்று. விளையாட்டுக் கருவிகளின் வரலாற்றில் இதற்கு இரு வழிகள் உண்டாம். 2006இல் நின்டென்டோ நிறுவனம் ‘வீ’ என்னும் விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டபோது, கையில் பிடிக்கும் கோலின் நுனியிலேயே கேமராவைப் பொருத்தியது. தொலைக்காட்சியின்மேல் வைத்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள் இரு முனைகளிலும் எரியும். கோலின் கண் அவ்விரு ஒளிகளையும் கண்டு, தான் எங்கே சுட்டுகிறோம் என அறியும். அப்பட்டைக்கு ‘உணர்பட்டை’ என்று பெயர். உண்மையில் அது எதையும் உணர்வதில்லை. ஒளி தருவதோடு சரி. பட்டைக்குப் பதில் இரு மெழுகுவத்திகளை ஏற்றி வைத்தாலும் கோல் வேலை செய்யும் என்று மருமகன் சொன்னபோது, பெயருக்கும் பொருளுக்கும் உள்ள தூரத்தை எண்ணிச் சிரித்தோம்.

சோனி நிறுவனம் எதிர்வழியில் சென்றது. அங்கே ரிச்சர்டு மார்க்ஸ் என்னும் பொறியாளர், 2003இல் வெளிவந்த ‘ஐடாய்’ என்ற கேமராவில் வெறுங்கை அசைவையே விளையாட்டாக்கினார். ஆனால் வெறுங்கை இருக்கும் இடத்தையும், அது எப்போது ‘ஆம்’ என்கிறது என்பதையும் கேமரா துல்லியமாக அறிவது கடினமாயிருந்தது. 2010இல் வந்த ‘பிளேஸ்டேஷன் மூவ்’ கோலின் தலையில் ஓர் ஒளிப்பந்து அமர்ந்தது. எலுமிச்சம்பழ அளவுள்ள அப்பந்தை எதிரிலுள்ள கேமரா காண்கிறது. கோலின் உள்ளே சுழற்சியையும் வேகமாற்றத்தையும் அளக்கும் நுண்கருவிகள் இருக்கின்றன. இடத்தைக் கண் சொல்கிறது. சாய்வை உட்கருவி சொல்கிறது.

கையில் கண் வைப்பதா, கையைக் கண் காண்பதா? இதைக் கேட்டதும் நம் நினைவு ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கி ஓடியது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று யூக்ளிட், தாலமி முதலிய பண்டையோர் கருதினர். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றிய ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் ஏழு பாக நூலில் அதை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுள் புகுந்து காட்சியாகிறது என நிறுவினார். இருட்டறையின் துளைக்கு வெளியே பல விளக்குகளை வைத்து, உள்ளே விழும் ஒளிப்புள்ளிகளை நோக்கினார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறைந்தது. ‘அல்பைத்துல் முள்லிம்’ என்ற அந்த இருட்டறைதான் இன்றைய கேமராவின் முன்னோடி எனலாம். மருமகன் செய்யப் போவதும் அதுவே: ஒரு விளக்கு, ஒரு துளை, ஒரு புள்ளி.

* * *

மருமகன் முதலில் பந்தே இன்றி முயன்றான். விரித்த கையின் விரல் மூட்டுகளைக் கேமராப் படத்தில் தானே கண்டறியும் நிரல்கள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. அதன்முன் நாம் கையை நீட்டினோம். உடனே இருபத்தொரு புள்ளிகள் நம் விரல்களின்மேல் பூத்தன. காக்கா கையை நீட்டினார். புள்ளிகள் ஒருகணம் தோன்றின, சிதறின, மறைந்தன. விரிந்த கைகளைக் கண்டு பழகிய நிரல், மடங்கிய கையைக் கையென்றே ஏற்கவில்லை. காக்கா ஒன்றும் சொல்லாமல் கையை மடிமீது வைத்துக்கொண்டார். அதைக் காண நமக்குப் பொறுக்கவில்லை.

பின் அவன் மேசைப் பந்தாட்டத்தின் வெண்பந்து ஒன்றை வாங்கி வந்தான். 40 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது. அதில் துளையிட்டு உள்ளே எல்.இ.டி. விளக்கொன்றை வைத்தான். தங்கை தைத்துக் கொடுத்த துணிப்பட்டையால் அதைக் காக்காவின் புறங்கையில் கட்டினான். பிடிக்க விரல் வேண்டாம், கட்டினால் போதும்.

“பந்துதான் வேண்டுமா? சதுரப் பெட்டி ஆகாதா?” என்றோம். “மாமா, பெட்டியைத் திருப்பினால் உருவம் மாறும். உருண்டையை எப்படித் திருப்பினாலும் வட்டம்தான். பெரிய மாமாவின் மணிக்கட்டு தானாகத் திரும்பிவிடுகிறது. அந்தத் திருப்பத்தைக் கேமரா கண்டுகொள்ளவே கூடாது” என்றான். கோலின் நுனியில் கண் வைக்கும் வழியை அவன் தவிர்த்ததும் இதனாலேயே. மணிக்கட்டு சிறிது அசைந்தாலும் அங்கே சுட்டுக்குறி திரையில் முழம் கணக்கில் தாவும்.

பந்துக்கு ஒளி எதற்கு என்பதற்கும் காரணம் உண்டு. மங்கலான பொருளைப் படமெடுக்கக் கேமரா தன் கண்ணை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் கை நகர்ந்தால் படம் தீற்றலாகிவிடும். தானே ஒளிரும் பொருளுக்குக் கணநேரம் போதும். நிறம் தேர்வதிலோ வேடிக்கை நிகழ்ந்தது. முதலில் சிவப்பு. நாற்காலியில் கிடந்த காக்காவின் சிவப்புக் கட்டம் போட்ட சாரத்தைப் பந்தெனக் கொண்டு சுட்டுக்குறி அங்கேயே குடியேறியது. அடுத்துப் பச்சை. சன்னலில் பச்சைத் திரை! இறுதியில் அவ்வறையில் எங்கும் இல்லாத ஊதாவே வென்றது. சோனியின் கோலோ சுற்றுப்புறத்தைக் கேமராவால் நோட்டமிட்டு, அங்கு இல்லாத நிறத்தைத் தானே பூண்டுகொள்ளுமாம்.

தூரத்தைப் பற்றியும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். அவன் வைத்த கேமரா, குறுக்கே 640 படப்புள்ளிகளில் 60 பாகை அகலத்தைக் காண்பது. 1 மீட்டர் தொலைவில் பந்து அதில் ஏறத்தாழ 22 புள்ளி அகலமாய்த் தெரியும். 2 மீட்டரில் 11 புள்ளி. பந்து சிறுத்தால் தூரம் கூடிற்று என்று பொருள். ஆனால் 2 மீட்டரில் ஒரு புள்ளி பிழைபட்டால், பக்கவாட்டில் 4 மில்லிமீட்டருக்கும் குறைவான தவறே நேரும். தூரத்திலோ ஏறத்தாழ ஒரு சாண் தவறும். ஆகவே முன்பின் அசைவை நம்பி எதையும் அமைக்கலாகாது. இடம் வலம், மேல் கீழ் மட்டுமே போதும் என முடிவு செய்தான். கண் எதை நன்கு அறியுமோ அதை மட்டும் அதனிடம் கேட்பது அறிவுடைமையன்றோ?

கையை உயர்த்தியே வைத்திருந்தால் தோள் சோர்ந்துவிடும். எனவே முழங்கை நாற்காலிக் கையின்மேல் ஊன்றியபடி, ஒரு சாண் அசைவு திரை முழுவதையும் கடக்குமாறு அளவைப் பெருக்கினான். அசைவு பெருகியபோது நடுக்கமும் உடன் பெருகிற்று. வலக்கையிலும் நடுக்கம் இல்லாமலில்லை. சுட்டுக்குறி திரையில் தேனீயாய்த் துடித்தது.

* * *

இங்கேதான் நம் பிழை மறுபடி தலைதூக்கிற்று.

நடுக்கத்தை அடக்கும் வழி, வந்த இடங்களைச் சராசரி எடுத்து மழுக்குவது. எவ்வளவு மழுக்குகிறோமோ அவ்வளவு அமைதி; ஆனால் அவ்வளவு தாமதம். கேமராவோ வினாடிக்கு 30 படமே எடுக்கிறது. இரு படங்களுக்கிடையில் 33 மில்லிவினாடி முன்னமே கடந்துவிடுகிறது. அதன்மேல் மழுக்கலின் தாமதமும் சேரும். மருமகன் அளவாக வைத்தான். நாம் பின்னே நின்று, “இன்னும் கொஞ்சம் அடக்கு, இன்னும் கொஞ்சம்” என்று வற்புறுத்தினோம். சுட்டுக்குறி அன்னம்போல் மிதந்தது. காண அழகாயிருந்தது. நமக்குப் பெருமகிழ்ச்சி.

காக்கா ஓர் எழுத்தை நோக்கிக் கையைக் கொண்டு சென்றார். சுட்டுக்குறி பின்தங்கியது. இன்னும் தள்ளினார். அது மெதுவாக வந்து, எழுத்தைத் தாண்டிச் சென்றது. திரும்பினார், மறுபடி தாண்டியது. அரைமணி நேரம் போராடினார். நெற்றியில் வேர்வை. சட்டென்று இடக்கையால் பட்டையை இழுத்துக் கழற்றினார். குழைந்த சொற்கள்தாம்; ஆயினும் நமக்குத் தெளிவாய்க் கேட்டன: “இது என் கை இல்ல.”

எவரும் பேசவில்லை. நம் நெஞ்சில் அந்தச் சிவப்பு மைச் சீட்டு வந்து நின்றது. நடுக்கம் எது, நாட்டம் எது என்று பிரிக்கும் உரிமையை அவரிடம் கேளாமலே நாம் எடுத்துக்கொண்டோம். சொல்லில் செய்ததையே கையிலும் செய்தோம்.

மருமகன் இளையவனாயினும் அறிவாளி. நம்மைக் குறை கூறவில்லை. “மாமா, நடுக்கத்தை எல்லாம் திருத்த வேண்டியதில்லை. அது தெரியட்டும். எழுத்தைப் பெரிதாக்கிவிடலாம்” என்றான். இலக்கு பெரிதாயும் அண்மையிலும் இருந்தால் அதை எட்டும் நேரம் குறையும் என்பதை 1954இலேயே பால் ஃபிட்ஸ் என்னும் உளவியலாளர் கணக்காக வகுத்திருக்கிறார். மழுக்கலுக்கும் ஒரு நுட்பம் கண்டான். கை மெதுவாய் நகரும்போது மிகுதியாகவும், விரைந்து நகரும்போது குறைவாகவும் மழுக்கும் முறை அது. 2012இல் வெளியிடப்பட்ட அம்முறைக்கு ‘ஒரு யூரோ வடிகட்டி’ என்று பெயராம். எவ்வளவு என்பதைக் காக்காவிடமே கேட்டுக் கேட்டு வைத்தான். “கூட்டவா, குறைக்கவா?” என்று அவன் கேட்க, அவர் தலையசைத்துச் சொல்ல, நாம் வாய்மூடி நின்றோம்.

எழுத்துப் பலகையைத் தமிழ் எளிதாக்கியது. 247 எழுத்துக்கும் கட்டம் போட்டால் திரை கொள்ளாது. ஆனால் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. ஆக 31 கட்டம் போதும். மெய்யின்மேலும் பின்பு உயிரின்மேலும் சுட்டுக்குறியை நிறுத்தினால், 216 உயிர்மெய்யும் தாமே பிறக்கின்றன. காக்கா கேட்டபடி ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய நான்கும் சேர்ந்தன. அமுக்க விரல் இல்லையாதலால், ஒரு கட்டத்தின்மேல் ஒரு வினாடி நின்றால் அவ்வெழுத்து விழும்படி அமைத்தான்.

மருமகன் விடுமுறை முடிந்து புறப்பட்டான். போகுமுன் அத்துறையின் இன்றைய போக்கையும் சொன்னான். 2019 முதல் வந்த சில தலைக்கவசக் கருவிகளிலும், 2023இல் வந்த பிளேஸ்டேஷன் தலைக்கவசத்திலும் கேமராக்கள் கவசத்திலேயே அமைந்துவிட்டன. அணிபவரின் நெற்றியிலிருந்தே அவர் கைக்கருவியின் அகச்சிவப்பு ஒளிகளை அவை நோக்குகின்றன. அறையின் மூலையில் இருந்த கண் மனிதனின் தலைக்கே வந்து சேர்ந்தது.

* * *

அதன்பின் நாள்தோறும் அஸர் தொழுகைக்குப் பின் காக்கா பலகைமுன் அமர்வது வழக்கமாயிற்று. முதல் வாரம் எழுத்துகள் தாறுமாறாய் விழுந்தன. இரண்டாம் வாரம் தம் பெயரை எழுதினார். மாதம் ஒன்று கழிந்தபின் முதல் டப்பாவைத் திறக்கச் சொன்னார். மேலே கிடந்த சீட்டை எடுக்கப் போனோம். ‘அது இல்ல’ எனத் தலையசைத்தார். அடியில் துழாவச் சொன்னார். சிவப்பு மை படிந்த சீட்டு வந்தது.

த், அ, க், அ, ர், ஆ, ற், உ. எட்டு முறை நிறுத்த வேண்டும். இடையில் இருமுறை தவறி அழித்தார். ‘தகராறு’ என்று திரையில் நின்றது. அதன் கீழ் ‘சண்டை, வழக்கு’ என்று எழுதினார். கையை எடுக்கவில்லை. மேலும் நெடுநேரம் உழைத்து, ‘மதரஸாவில்’ என்று ஒரு சொல் எழுதிவிட்டு, நம் முகத்தைப் பார்த்தார்.

விளங்கிற்று. மாலைப் பொழுதில் மாணவர் கூடியமர்ந்து அன்றைய பாடத்தைத் திரும்ப ஓதுவதற்கு நாங்கள் வழங்கிய பெயரும் தக்ரார்தான். அச்சொல் நம் வாயிலும் வாழ்ந்த சொல்லே. அகராதியில் மட்டும் கிடந்ததன்று. இத்தனை ஆண்டும் நாம் அதை அவரிடம் சொன்னதில்லை. அவரைத் திருத்துவதிலேயே நம் கவனம் இருந்தது. “பாடத்தைக் கூடியிருந்து திரும்ப ஓதுதல்” என்றோம். குரல் சற்றுக் கரகரத்தது. காக்கா அதை ஓரெழுத்தும் விடாமல் எழுதினார். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை எழுதினார்.

இன்று இரண்டு டப்பாக்கள் முடிந்திருக்கின்றன. இரண்டு மீதம் உள்ளன. ஒரு சீட்டுக்கு அரைமணி நேரம் ஆகும் நாளும் உண்டு. சில நாட்களில் கை ஒத்துழைக்காது. பட்டையைக் கழற்றி வைத்துவிடுவார். நாம் ஒன்றும் சொல்வதில்லை. நம் வேலை சீட்டை எடுத்துக் கொடுப்பது. கேட்டால் மட்டும் சொல்வது. சுட்டுக்குறி இன்றும் நடுங்கிக்கொண்டேதான் செல்கிறது. அந்த நடுக்கம் தெரிகிறவரை அது அவர் கை.

நாளை அஸருக்குப் பின் எடுத்துக் கொடுக்க வேண்டிய சீட்டு இப்போது நம் முன்னே கிடக்கிறது: ‘மாமூல்’. அரபில் அதன் பொருள் நமக்குத் தெரியும். காக்கா என்ன எழுதப் போகிறார் என்பதைக் காணவே காத்திருக்கிறோம்.